ஒரே நம்பர்ல வீடும் கடையும்: வாட்ஸ்அப்ல விக்கிறவங்க கவனிக்க வேண்டியது

(திரையில்: ஒரு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். அடுக்கி வைத்த கூரியர் பார்சல்கள். மேலே "டுடே டிஸ்பேட்ச்". முகவரிகள் மங்கலாக்கப்பட்டுள்ளன.)

இந்த மாதிரி ஸ்டேட்டஸ் நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. வீட்டிலிருந்தே சேலை ரீசெல்லிங் பண்ணுற ஒரு அக்கா, அன்னைக்கு அனுப்புற பார்சலையெல்லாம் அடுக்கி போட்டோ எடுத்துப் போடுவாங்க. "காசு வாங்கிட்டு ஏமாத்த மாட்டோம், சொன்னபடி அனுப்புறோம்"னு காட்டணும், அதுக்குத்தான். முகம் பார்க்காம நடக்கிற வியாபாரத்துல அது தேவையும்கூட. ஆனா மங்கலாக்காத அசல் போட்டோவைப் பெருசாக்கிப் பாருங்க. ஒவ்வொரு பார்சல் மேலயும் வாங்கினவங்க பேர், கதவு எண், தெரு, பின்கோடு, போன் நம்பர். இதை ஊருக்கே காட்டலாமான்னு அந்தக் கஸ்டமர்கிட்ட யாரும் கேட்கல.

சோஷியல் மீடியாவும் ப்ரைவசியும்னு பேச ஆரம்பிச்சாலே எல்லாரும் ஃபேஸ்புக் முதலாளி மார்க் ஸக்கர்பெர்க்கிட்ட போயிடுறோம். அங்கேயும் போவோம். அதுக்கு முன்னாடி நம்ம கையில இருக்கிற போனைப் பார்த்துருவோம்.

(திரையில்: சேலை போட்டோ. கடை, ரீசெல்லர், கஸ்டமர் என அம்புக்குறிகள்.)

சேலம் பக்கத்துல இளம்பிள்ளை, சேலைக்குப் பேர் போன ஊர். அந்த மாதிரி ஊர்ல ஒரு கடைக்காரர் புது டிசைனை ரீசெல்லர்ஸ் குரூப்புல போடுவார். அதை எடுத்து, மேல நூறோ நூத்தம்பதோ வச்சு, தன்னோட ஸ்டேட்டஸ்ல ஒருத்தங்க போடுவாங்க. ஆர்டர் வந்தா அட்ரஸை கடைக்கு ஃபார்வர்டு பண்ணுவாங்க, பார்சல் கடையிலிருந்தே நேரா போயிரும். முதல் போட வேண்டாம், ஸ்டாக் வைக்க வேண்டாம், கடை வாடகை இல்ல. வெளிய வேலைக்குப் போக முடியாத எத்தனையோ பெண்களுக்கு, யார்கிட்டயும் கை நீட்டாம வர்ற முதல் வருமானம் இது. அதனாலதான் இது ஒழுங்கா, பாதுகாப்பா நடக்கணும்னு நான் இவ்வளவு சொல்றேன்.

இந்தக் கடையோட போர்டு எது? அவங்க சொந்த போன் நம்பர். ஸ்கூல் பேரண்ட்ஸ் குரூப்புல இருக்கிறது அதே நம்பர். பேங்க் ஓடிபி வர்றது அதே நம்பர். ஜிபேயும் அதேதான்.

இப்போ நான் சொல்லப் போறது பலர் கவனிக்காத விஷயம். டிபி, லாஸ்ட் சீன், ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் "மை கான்டாக்ட்ஸ்"னு வச்சிருப்பீங்க. நாம சேவ் பண்ணினவங்க மட்டும்தானே பார்ப்பாங்கன்னு நிம்மதியா இருப்பீங்க. ஆனா விக்கிறவங்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. நம்ம ஸ்டேட்டஸ் கஸ்டமருக்குத் தெரியணும்னா, அவங்க நம்மளை சேவ் பண்ணியிருக்கணும், நாமளும் அவங்களை சேவ் பண்ணியிருக்கணும். அதனால விலை கேட்டு வர்ற ஒவ்வொருத்தரையும் "கஸ்டமர் மதுரை", "கஸ்டமர் ப்ளூ சில்க்"னு சேவ் பண்ணிக்கிட்டே போறோம். சேவ் பண்ணின அந்த நிமிஷமே அவங்களும் "மை கான்டாக்ட்ஸ்"தான். அதுக்கப்புறம் உங்க பொண்ணு யூனிஃபார்ம்ல, ஸ்கூல் பேட்ஜோட நிக்கிற டிபி, உங்க சித்திக்கு எப்படித் தெரியுதோ அப்படியே அவங்களுக்கும் தெரியும்.

இதோட இன்னொரு பக்கமும் இருக்கு. ராத்திரி பதினோரு மணிக்கு கஸ்டமர் கேட்பாங்க, "அக்கா ஆன்லைன்லதானே இருக்கீங்க, ரேட் சொல்லுங்க"ன்னு. ப்ளூ டிக் விழுந்து பதில் போகலைன்னா கோபம். அதே ஆன்லைனைப் பார்த்துட்டு சொந்தக்காரங்க வேற மாதிரி பேசுவாங்க, "எப்பப் பாரு போனும் கையுமா இருக்கா". ஒரே ஆள், ஒரே "ஆன்லைன்". கடைக்காரியா பார்க்கிறவங்களுக்கு அவங்க சோம்பேறி, மருமகளா பார்க்கிறவங்களுக்கு அடங்காதவ. இந்த ரெண்டு பேச்சுக்கும் நடுவுல ஒரு மனுஷி தன்னை யாருன்னு நினைச்சுக்குவாங்க? போன் செட்டிங்ஸ் ஒரு ஆளோட மனசு வரைக்கும் வந்து தொடுறது இங்கேதான்.

இதுக்கு வழி இருக்கு. 2018-ல வாட்ஸ்அப் பிசினஸ்னு தனி ஆப் வந்துச்சு. இலவசம்தான். ரெண்டாவது சிம் ஒண்ணு வாங்கி, அதே போன்லயே இதைத் தனியா ஓட்டலாம். டிபியில கடை லோகோ, கேட்டலாக்ல சேலை, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல தானா போற அவே மெசேஜ். பழைய நம்பர் குடும்பத்துக்கு.

(திரையில்: ஆண்டுகள் வரிசையாக: 2014, 2016, 2017, 2021, 2024.)

சரி, இப்போ கம்பெனிகிட்ட வருவோம். 2014-ல ஃபேஸ்புக் சுமார் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குறதா அறிவிச்சது. ரெண்டு கம்பெனியோட கணக்குகளையும் தானா இணைச்சுப் பார்க்க நம்பகமான வழி இல்லைன்னு அப்போ ஐரோப்பிய ஆணையத்துகிட்ட சொன்னாங்க. 2016-ல பாலிசியை மாத்தி, நம்ம போன் நம்பரை ஃபேஸ்புக்கோட பகிர ஆரம்பிச்சாங்க. 2014-லயே அது சாத்தியம்தான்னு தெரிஞ்சதும், தவறான தகவல் கொடுத்ததுக்காக 2017-ல 11 கோடி யூரோ அபராதம். 2021-ல "ஒத்துக்கோ, இல்லைன்னா கிளம்பு"ங்கிற மாதிரி இன்னொரு பாலிசி. பல பேர் சிக்னல், டெலிகிராம்னு வேற மெசேஜ் ஆப்களுக்கு ஓடினது அப்போதான். அந்த 2021 பாலிசிக்காக, கம்பெனிகள் நியாயமா போட்டி போடுதான்னு கவனிக்கிற நம்ம நாட்டுப் போட்டி ஆணையம் 2024 நவம்பர்ல 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டுச்சு. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போச்சு.

"எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன் இருக்கே, அப்புறம் என்ன?"ன்னு கேட்பீங்க. இருக்கு, 2016 ஏப்ரல்ல இருந்து எல்லாருக்கும் இருக்கு. நீங்க உங்க அம்மாவுக்கு அனுப்புறதை நடுவுல வாட்ஸ்அப்பால படிக்க முடியாது. ஆனா அது காக்கிறது மெசேஜுக்குள்ள இருக்கிறதை மட்டும். எந்த போன், எந்த ஐபி முகவரி, எப்போ ஆன்லைன் வர்றீங்க, எந்தக் குரூப்ல இருக்கீங்க, இதெல்லாம் கம்பெனிக்குத் தெரியும். கூகுள் டிரைவுக்குப் போற பேக்கப்புக்கும் நாமளாப் போய் ஆன் பண்ணினாத்தான் அந்தப் பூட்டு.

பெரிய கடைகளோட பேசுறது இன்னும் வேற. அந்தக் கடை, சாட்டை நிர்வகிக்க மெட்டாவோட (ஃபேஸ்புக் கம்பெனிக்கு இப்போ அதுதான் பேர்) சேவையைப் பயன்படுத்தலாம். அப்படின்னா சாட் மேலயே சின்னதா ஒரு வரி வரும். அங்க நீங்க என்ன கேட்டீங்கங்கிறதை வச்சு அந்தக் கடை ஃபேஸ்புக்ல விளம்பரம் பண்ணலாம். அந்த வரியை ஒரு தடவை தொட்டுப் படிங்க.

(திரையில்: ஒரு குரூப்பின் உறுப்பினர் பட்டியல். எண்கள் மறைக்கப்பட்டுள்ளன.)

கடைசியா, கஸ்டமர் குரூப். எனக்கு ரொம்ப பயம் தர்றது இதுதான். எல்லாக் கஸ்டமரையும் ஒரே குரூப்புல போட்டா, ஒருத்தர் நம்பர் மத்த எல்லாருக்கும் தெரியும். மோசடி பண்ணுறவங்க அதுல கஸ்டமர் மாதிரி சேர்ந்துக்குவாங்க. உங்க டிபியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேற நம்பருக்கு வச்சுக்குவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா மெசேஜ்: "சிஸ்டர், இது என் புது நம்பர், பழைய ஜிபே வேலை செய்யல, இதுல போடுங்க." பணத்தை இழந்தது கஸ்டமர், பேர் கெட்டது உங்களுக்கு.

அதனால குரூப் வேண்டாம், ஒரே மெசேஜை பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட் வைங்க. உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்கு மட்டும்தான் அது போகும், ஒருத்தரை இன்னொருத்தருக்குத் தெரியாது. இல்லைன்னா கம்யூனிட்டி ஆரம்பிச்சு அறிவிப்பு குரூப்ல போடுங்க, அங்கயும் கஸ்டமர் நம்பர் மத்த கஸ்டமருக்குக் காட்டாது. செட்டிங்ஸ்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போய் ஆறு இலக்க பின் இப்பவே போட்டு வைங்க. எஸ்எம்எஸ்ல வர்ற வாட்ஸ்அப் கோடை யார் கேட்டாலும், உங்க சொந்தத் தம்பி நம்பர்ல இருந்தே கேட்டாலும், கொடுக்காதீங்க.

உங்க பேர்ல போலி நம்பர் வந்துட்டா, உங்க ஒரிஜினல் நம்பர்ல இருந்தே எல்லாருக்கும் உடனே சொல்லிடுங்க. அந்தப் போலி நம்பரை வாட்ஸ்அப்ல ரிப்போர்ட் பண்ணுங்க. யாராவது பணம் அனுப்பிட்டிருந்தா, அவங்களை 1930-க்கு கூப்பிடச் சொல்லுங்க. தேசிய சைபர் கிரைம் உதவி எண் அது. பணம் அடுத்தடுத்த அக்கவுண்ட்டுக்கு மாறுறதுக்குள்ள கூப்பிட்டாத்தான் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். அப்போ யுபிஐ பரிவர்த்தனை எண், அனுப்பின நேரம், தொகை, இந்த மூணும் கையில தயாரா இருக்கணும்.