தொடாமல் செய்யும் தொண்டு

அவையோருக்கு வணக்கம்.

விடுமுறைக்கு ஒரு தீவுக்குப் போய், பகலில் கடலில் குளித்து, இரவில் கடலாமைகளையும் காப்பாற்றிவிட்டு ஊர் திரும்பலாம் என்று இப்போது பலர் அழைக்கிறார்கள். விளம்பரப் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: சிரித்த முகம், விரித்த உள்ளங்கை, அதில் ஓர் ஆமைக்குஞ்சு. அந்தப் படத்தைப் பார்த்தவுடன் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஏன் என்று சொல்லிவிட்டால் இன்றைய பேச்சில் பாதி முடிந்துவிடும்.

முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கிறது. அதுதான் அதற்கு வழிச்செலவு. கடலில் இறங்கியதும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஓயாமல் நீந்தி, கரையோரத்து மீன்களுக்குத் தப்பி ஆழத்தை எட்டுவதற்கான தெம்பு அதிலிருந்துதான் கிடைக்கிறது. அந்தக் குஞ்சைத் தொட்டியில் போட்டு வைத்தால், நீந்த வேண்டிய நீச்சலையெல்லாம் சுவரோடு முட்டி முட்டியே தீர்த்துவிடும். மறுநாளோ அதற்கு மறுநாளோ, பயணிகள் வந்து சேர்ந்த பிறகு, படம் எடுக்க வசதியான வெளிச்சத்தில் அதைக் கடலில் விடுகிறார்கள். மீன்களுக்கும் பறவைகளுக்கும் அன்று விருந்து. இயற்கையில் குஞ்சுகள் பெரும்பாலும் இருட்டி, மணல் ஆறிய பிறகே மேலே வருகின்றன. அந்த நேரத்தை அவை காரணமில்லாமல் தேர்ந்தெடுக்கவில்லை. இலங்கையின் தென்மேற்குக் கரையில் முட்டைகளைச் சேர்த்து மணலில் புதைத்துப் பொரிக்கவைக்கும் பொரிப்பகங்களில், பயணிகளை நம்பி நடக்கும் சிலவற்றின்மீது ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குறையும் இதுவே.

இது பேராசையால் வரும் கேடு. நல்ல நோக்கத்தோடு செய்தும் கெட்டுப்போன கதை ஒன்று உண்டு. மலேசியாவின் திரெங்கானு மாநிலத்தில் ரந்தாவ் அபாங் என்ற கடற்கரை. 1950களில் அங்கே ஆண்டுக்குப் பத்தாயிரம் என்ற அளவில், தோணி ஆமை எனப்படும் ஏழுவரி ஆமைகளின் கூடுகள் இருந்தன. முட்டைகளை மனிதர்கள் தோண்டித் தின்றார்கள். கடலில் வலைகள் பெரிய ஆமைகளைக் கொன்றன. எஞ்சிய முட்டைகளையாவது காப்போம் என்று பொரிப்பகம் அமைத்தார்கள். ஆனால் கடலாமைக்கு ஆண், பெண் என்பதை முடிவு செய்வது மணலின் சூடு. ஏறக்குறைய 29 டிகிரி செல்சியஸுக்கு மேலே போகப் போகப் பெண் குஞ்சுகள் கூடும். கீழே போனால் ஆண். நிழலில்லாத பொரிப்பகத்தின் சூட்டில் பெரும்பாலும் பெண் குஞ்சுகளே பிறந்திருக்க வேண்டும் என்பது பின்னாளில்தான் தெரிந்தது. இன்று அந்தக் கரைக்குத் தோணி ஆமை வருவதே அரிது. வலையும் முட்டை வியாபாரமும்தான் முதல் குற்றவாளிகள் என்றாலும், எண்ணி எண்ணிக் கடலில் விட்ட குஞ்சுகளால் அந்த இழப்பை ஈடுகட்ட முடியவில்லை. இப்போது உலகமே சூடேறுவதால், பொரிப்பகம் இல்லாத இடத்திலும் இதே கவலை. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வடபகுதியில் பிறந்த இளம் பேராமைகளில், அதாவது பச்சை ஆமைகளில், 99 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள் என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது.

அப்படியானால் போகவே வேண்டாமா என்றால், போங்கள். ஆனால் என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதல் வேலை நடப்பது. இருட்டில், இளகிய மணலில், விளக்கில்லாமல், பேசாமல், மணிக்கணக்கில். பல இரவுகளில் ஆமையே வராது. வந்தாலும் உடனே நெருங்க முடியாது. அது இடம் பார்த்து, உடலுக்குப் பள்ளம் பறித்து, பின் துடுப்புகளை மாற்றி மாற்றி விட்டு, கண்ணால் பார்க்காமலேயே குடுவை வடிவத்தில் குழி தோண்டும். அதற்குள் ஒரு டார்ச் வெளிச்சம் பட்டால் பாதியில் விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடலாம். முட்டை விழத் தொடங்கிய பிறகுதான் அது ஏறக்குறைய மயக்க நிலைக்குப் போகிறது. அப்போதுதான் குழுத் தலைவர் சிவப்பு விளக்கோடு பின்பக்கமாகத் தவழ்ந்து போய், முதுகோட்டின் நீளத்தை அளந்து, துடுப்பில் எண் பொறித்த உலோக வில்லை இருக்கிறதா என்று பார்த்து எண்ணைச் சொல்வார். நீங்கள் எழுதிக்கொள்வீர்கள். அலை எட்டும் இடத்தில் முட்டையிட்டிருந்தால் இடம் மாற்ற வேண்டும். அதையும் சில மணி நேரத்துக்குள், முட்டையைப் புரட்டாமல் செய்ய வேண்டும். அதற்குப் பின் கரு ஓட்டின் உட்புறத்தோடு ஒட்டிக்கொள்கிறது, புரட்டினால் செத்துவிடும். ஆகவே அந்த வேலையைப் பழகிய கைகளிடம் விட்டுவிடுவது நல்லது.

காலையில் வேறு வேலை. குப்பை பொறுக்க வேண்டும், பயணிகள் தோண்டிப்போட்ட பள்ளங்களை மூட வேண்டும், நாற்காலிகளை இழுத்து ஓரம் போட வேண்டும். குஞ்சுகள் வெளியேறிச் சில நாளான கூட்டைத் தோண்டிக் கணக்கெடுப்பதும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. நாற்றம் தாங்கினால் உங்களுக்கும் பிடிக்கும். கையுறையோடு தோள்வரை மணலுக்குள் கையை விட்டு, சுருண்ட ஓடுகளை எடுத்து வரிசையாக வைக்க வேண்டும். பாதிக்கு மேல் முழுதாக உள்ள ஓட்டுக்கு ஒரு குஞ்சு என்று கணக்கு. கெட்ட முட்டை தனி. உருவாகி இறந்த கரு தனி. எப்போதாவது அடியில் ஒன்று உயிரோடு அசையும். இந்தக் கணக்கு இல்லாவிட்டால், எந்தக் கரையில் எத்தனை விழுக்காடு பொரிக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பணத்தைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். தொண்டு செய்யப் போகிறவர் ஏன் கட்டணம் கொடுக்க வேண்டும் என்று சிலர் கோபப்படுகிறார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை, அந்தப் பணம் உள்ளூர்க்காரர்களின் சம்பளமாகப் போகிறது என்றால். நாம் சில வாரங்களில் திரும்பிவிடுவோம். அவர்கள்தான் அங்கே இருக்கப் போகிறவர்கள். ஆமைகளைக் காத்துவந்த ஹைரோ மோரா சாண்டோவால் என்ற 26 வயது உள்ளூர் இளைஞரை நினைத்துப் பாருங்கள். 2013 மே மாத இறுதியில், கோஸ்டாரிகாவின் மொயின் கடற்கரையில், வெளிநாட்டுத் தொண்டர்கள் நால்வரோடு ரோந்து போனபோது கடத்தப்பட்டார். அந்த நால்வரும் உயிர் தப்பினார்கள். அவர் கொல்லப்பட்டார். அதே நாட்டின் டோர்டுகேரோ கரையில் ஆர்ச்சி கார் என்ற அறிஞர் 1950களில் ஆமைகளுக்கு எண் வில்லை பூட்டத் தொடங்கினார். 1975இல் அந்தக் கரை தேசியப் பூங்காவானது. அந்த ஊர் மக்கள் இன்று ஆமைகளைக் காட்டும் வழிகாட்டிகளாகப் பிழைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் ஆமையால் ஊரில் அடுப்பெரிகிறது என்றால், அதைக் கொல்ல மனம் வருவது குறையும்.

எனவே பணம் கட்டுவதற்கு முன் கடிதம் எழுதிக் கேளுங்கள். குஞ்சுகளை எத்தனை மணி நேரத்தில் கடலில் விடுகிறீர்கள்? கூடுகளை எதற்காக இடம் மாற்றுகிறீர்கள், சூட்டை அளக்கிறீர்களா? ஊதியம் பெறும் உள்ளூர்ப் பணியாளர்கள் எத்தனை பேர்? ஆமை வராத மாதத்தில் வந்தால் என்ன வேலை தருவீர்கள்? கடைசிக் கேள்விக்கு, “எங்களிடம் எப்போதும் குஞ்சுகள் இருக்கும்” என்று பதில் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

எட்டு வயதுப் பிள்ளையை அழைத்துப் போகலாமா என்று முன்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். இரவு ரோந்துக்கு வேண்டாம், அம்மா. அவ்வளவு நேரம் பேசாமல் நடக்கப் பிள்ளைகளால் ஆகாது. பல இடங்களில் சேர்த்துக்கொள்ளவும் மாட்டார்கள். காலையில் கூட்டைத் தோண்டும்போது அனுமதி கேட்டு அழைத்துப் போங்கள். பிள்ளைகள் ஓடுகளைச் சலிக்காமல் எண்ணுவார்கள். மூக்கைப் பொத்திக்கொள்வது பெற்றோர்தான். கையுறை மட்டும் சின்ன அளவில் நீங்களே கொண்டுபோய்விடுங்கள். அங்கே பெரியவர்களுக்கானதுதான் இருக்கும்.