தட்டைத் தள்ளுதது யாரு? இழுக்குதது யாரு?

வாங்க மக்களே. பாபநாசத்துல ஆத்தங்கரையில நின்னு பேசுதேன், தண்ணிச் சத்தம் கேக்கும், பொறுத்துக்கோங்க.

பூமியோட மேல்பாறை பெரிய பெரிய துண்டாக் கெடக்கு, அதுதான் கண்டத்தட்டு. அதைச் சொன்னாலே, அடியில நெருப்புக் குழம்பு, மேல தட்டு மிதக்கிற மாதிரி படம் போட்டுருதாங்க. அது தப்பு. தட்டுக்குக் கீழயும் கட்டிப் பாறைதான். ரோடு போடுத இடத்துல தார்க்கட்டி பாத்திருப்பீங்கல்லா? சுத்தியலால அடிச்சா சில்லுசில்லாத் தெறிக்கும். அதையே அப்படியே போட்டு வச்சா, நாளாவட்டத்துல சப்பையா வழிஞ்சு கெடக்கும். சுமார் 1,300 டிகிரி சூட்டுல மேன்டில், அதாவது தட்டுக்குக் கீழ இருக்க பாறையும் அந்த ஜாதிதான். அல்வாவை உதாரணம் சொல்லுவேன்னு எதிர்பாத்தவங்க மன்னிக்கணும், அல்வா தெறிக்காது.

தட்டு ஏன் நகருது? வீட்டுல செஞ்சு பாருங்க. வழுவழுப்பான மேசையில சோப்புத் தண்ணி ஊத்தி, பிழியாத துண்டை விரிங்க. ஓரத்துல நாலு விரக்கடை தொங்குனா அசையாது. கொஞ்சங்கொஞ்சமாக் கூட்டி, பாதி தொங்கவிடுங்க. மிச்சத் துண்டு தானா வழுக்கிட்டுப் போவும். மேசை காஞ்சிருந்தா ஒட்டிக்கும், நடக்காது.

கடல்தட்டும் இப்படித்தான். நடுக்கடல் முகட்டுல, அதாவது கடலடியில நீளமா ஓடுத மலைத்தொடர்ல பொறக்கும்போது சூடு, லேசு. வெலக வெலக ஆறி, தடிச்சு, கனம் கூடும். பழைய தட்டு 100 கிலோமீட்டர் தடிமன் வரும். ஓரம் மடங்கி உள்ள போனதும், அழுத்தத்துல தட்டுல இருக்க பசால்ட்ங்கிற கருப்புப் பாறை, எக்லோஜைட்டுங்கிற கனமான பாறையா மாறிரும். தண்ணி அடர்த்தி 1-னு வச்சா, இதுக்கு 3-லேர்ந்து 3.5 ஆவும், சுத்தியிருக்க மேன்டில் 3.3 தான். பெறவு என்ன, முங்குத ஓரம் மொத்தத் தட்டையும் இழுக்கும். முகட்டுலேர்ந்து சரியுத தள்ளலும் உண்டு, ஆனா சின்னது. பசிபிக் தட்டுக்கு முங்குத ஓரம் ரொம்ப நீளம், அதான் அது வேகமா ஓடுது. ஆப்பிரிக்கத் தட்டுக்கு அது கம்மி, அசைவும் கம்மி.

நம்ம இந்தியத் தட்டு சுமார் 9 கோடி வருசம் முந்தி மடகாஸ்கரை விட்டுப் பிரிஞ்சுது. முன்னால, இந்தியாவுக்கும் ஆசியாவுக்கும் நடுவுல அப்ப இருந்த டெதிஸ் கடலோட தளம் முங்கி இழுக்க, ஒரு கட்டத்துல வருசத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல ஓட்டம். சுமார் 5 கோடி வருசம் முந்தி ஆசியாவுல முட்டுச்சு. கண்டப் பாறை அடர்த்தி 2.7 தான், லேசுல முங்காது. இமயமலையா மடிஞ்சுது, வேகம் 5 சென்டிமீட்டருக்கு எறங்கிட்டு.

கெழக்க, சுமத்ராப் பக்கம் கடல்தட்டு இன்னும் முங்கிக்கிட்டேதான் இருக்கு. அங்க ரெண்டு தட்டும் பூட்டிக்கிட்டா, முங்குதது மேல்தட்டு நுனியையும் சேத்துக் கீழ வளைக்கும். 2004 டிசம்பர் 26-ல ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூட்டு விட்டுப்போச்சு. நுனி மேல எத்த, கடலும் கூடவே எழும்பிட்டு. குறுக்க இலங்கை நின்னும், அலை வளைஞ்சு சுத்தி, மேற்குக் கரையில இருக்க குளச்சல் வரைக்கும் வந்துச்சு.