சித்தப்பாவின் சொற்கள்

நேயர்களுக்கு வணக்கம். வழக்கில் சிக்கியவர்களைக் கண்காணித்து நல்வழிக்குத் திருப்பும் நன்னடத்தை அலுவலராக வேலூரில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் நான். அணைக்கட்டுப் பக்கத்து மலையடிவாரச் சிறுவன் ஒருவனை இன்னும் மறக்க முடியவில்லை.

பதினான்கு வயது. தகப்பன் இல்லை. மலையில் சாராய ஊறல் போடும் நாட்களில் பாதைத் திருப்பத்துப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்திருப்பான். போலீஸ் ஜீப் தெரிந்தால் விசில் அடிக்க வேண்டும். அதுதான் அவன் வேலை. இரவில் சித்தப்பா பரோட்டாப் பொட்டலத்தைப் பிரித்து முதல் பங்கை அவனுக்கு வைப்பார். "என் சிங்கக்குட்டி" என்று முதுகில் தட்டுவார்.

"தப்பு என்று தோன்றவில்லையா?" என்றேன். "யார் வீட்டிலும் திருடவில்லையே சார்! யாரிடமும் கையேந்தவில்லையே! பிழைப்புத்தானே?" தடுமாறாமல் சொன்னான். இரண்டு நாள் கழித்துச் சித்தப்பாவைப் பார்த்தேன். அதே சொற்கள், அதே வரிசை.

அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட் 1939-இல் எழுதி, 1947-இல் ஒன்பது கூற்றுகளாக விரித்தது இதைத்தான். குற்றம் நெருங்கிய மனிதர்களிடம் பழகிக் கற்பது. வித்தையோடு அதற்கான நியாயத்தையும் சேர்த்தே கற்கிறோம். சும்மா பழகினால் ஒட்டாது. தொரப்பாடிச் சிறைக் காவலர் காலமெல்லாம் கைதிகளோடுதான் இருக்கிறார், திருடனாகிவிடுவதில்லை. எந்த வயதில் தொடங்கியது, எத்தனை காலம், எவ்வளவு அடிக்கடி, எவ்வளவு பாசம் என்பதைப் பார்க்க வேண்டும். பரோட்டாவின் முதல் பங்கு சாதாரணமானதல்ல.

நம் நாட்டிலோ 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், சில சாதிகளில் பிறந்த குழந்தைக்கே குற்ற முத்திரை குத்தியது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. நினைத்தாலே நெஞ்சு கொதிக்கிறது. பிறப்பா காரணம்? அலுவலகங்களில் மதிப்பான பதவிகளில் இருக்கும் வெள்ளைச் சட்டைக்காரர்களின் குற்றங்களையும் சதர்லேண்ட் இதே கண்ணால்தான் பார்த்தார். புதிதாகச் சேர்ந்த எழுத்தரின் மேசைக்குள் மூத்தவர் ஒரு கவரைத் தள்ளி, "டீச் செலவுக்குத் தம்பி, எல்லாரும் வாங்குவதுதான்" என்கிறாரே, அவரும் ஒரு சித்தப்பாதான்.

பையனைக் காட்பாடியில் ஒரு மெக்கானிக் கடையில் சேர்த்தோம். கடைக்காரர் பழைய கதை எதையும் கேட்கவில்லை. மதியம் தன் சாப்பாட்டை அவனோடு பகிர்ந்துகொண்டார். ஆறு மாதம் கழித்துப் போனேன். ஒரு ஸ்கூட்டரின் போல்ட்டைத் திரும்பத் திரும்ப முடுக்கிக்கொண்டிருந்தான். "போதுமே" என்றேன்.

"பாலாற்றுப் பாலத்தில் கழன்றால் ஓட்டுகிறவர் கதி என்ன சார்?"

சற்று முன்புதான் கடைக்காரர் இதையே இன்னொரு பையனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.