கேமரா பொருந்திவிட்டது, ஃபோகஸ் ஏன் வரவில்லை?

[காட்சி: மேசை மேல் ஒரு வானியல் கேமரா. சுற்றிலும் ஏழெட்டுக் கருப்பு வளையங்கள்.]

வணக்கம். இந்த வளையங்களைப் பாருங்கள். எல்லாம் கருப்பு, எல்லாவற்றிலும் மரை. பொருந்துகிற ஒன்றைத் தேடி முறுக்கினால் கேமரா தயார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் முதல் கேமராவை நியூட்டோனியன், அதாவது லென்ஸுக்குப் பதில் குழிந்த கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும், டெலஸ்கோப்பில் மாட்டிய இரவில் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் வந்ததோ நடுவில் ஓட்டை விழுந்த ஒரு வெள்ளை வட்டம். கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாயான ஃபோகஸரைக் கடைசி வரை உள்ளே தள்ளினேன். வட்டம் சிறுத்ததே தவிர, நட்சத்திரம் ஆகவில்லை.

இந்த வளையங்கள்தான் அடாப்டர்கள். ஒரு அடாப்டருக்கு இரண்டு வேலைகள். கேமராவைப் பிடித்துக்கொள்வது ஒன்று. சென்சாரைச் சரியான தூரத்தில் நிறுத்துவது இன்னொன்று. முதல் வேலை கண்ணுக்குத் தெரியும். இரண்டாவதை அளந்துதான் பார்க்க வேண்டும்.

[காட்சி: நோஸ்பீஸ் ஃபோகஸருக்குள் நுழைகிறது.]

பிடித்துக்கொள்வதில் எளிய வழி நோஸ்பீஸ், கேமராவின் முன்னால் மாட்டும் குட்டைக் குழாய். கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் செருகும் அதே துளையில் இதையும் செருகலாம். 1.25 அங்குலம், 2 அங்குலம் என இரண்டு அளவு உண்டு. நிலாவையும் கோள்களையும் எடுக்கும் சிறிய சென்சார்களுக்கு 1.25 தாராளமாகப் போதும். ஆனால் அந்தக் குழாயின் உள்விட்டம் 27, 28 மில்லிமீட்டர்தான். பல டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரின் மூலைவிட்டமே ஏறக்குறைய 28. அதனால் படத்தின் மூலைகள் இருண்டுபோகும். அதைவிடப் பெரிய ஃபுல் ஃப்ரேம் சென்சாருக்கு மூலைவிட்டம் 43 மில்லிமீட்டர். அதற்கு எம்42, அதாவது 42 மில்லிமீட்டர் விட்டமுள்ள மரை வளையமே நெருக்கடி, எம்48 அல்லது அதைவிட அகலமானது வேண்டும்.

செருகும் முறையில் இன்னொரு குறை உண்டு. பக்கத்துத் திருகை இறுக்கும்போது அது கேமராவை ஒரு பக்கமாகத் தள்ளும். கனமான கேமரா என்றால் சாய்வு இன்னும் கூடும். படத்தின் ஒரு ஓரம் கூர்மையாகவும் எதிர் ஓரம் மங்கலாகவும் வந்தால் முதலில் இந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். நீண்ட எக்ஸ்போஷர் எடுப்பவர்கள் முழுக்க மரையாலேயே இணைப்பது நல்லது.

[காட்சி: இரண்டு வளையங்களின் மரைகள், மிக அருகில்.]

மரையில் ஒரு பொறி இருக்கிறது. இந்த இரண்டுமே எம்42, விட்டம் 42 மில்லிமீட்டர். ஆனால் இடது பக்கத்தில் இருப்பதில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 0.75 மில்லிமீட்டர். டெலஸ்கோப் உலகின் டி-மரை இதுதான். வலது பக்கத்தில் இருப்பது பழைய ஸ்க்ரூ மவுண்ட் கேமரா லென்ஸ்களின் மரை, இடைவெளி 1 மில்லிமீட்டர். ஒன்றை மற்றதில் வைத்துத் திருகினால் ஒரு சுற்று போகும், அப்புறம் இறுகிவிடும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலம் கொடுத்தால் மரை வெட்டுப்படும். அடாப்டர் வாங்கும்போது எம்42 என்பதை மட்டும் பார்க்காமல், பக்கத்தில் 0.75 என்று இருக்கிறதா என்றும் பாருங்கள்.

[காட்சி: ஒரு ஃப்ளாட்டனர், அதன் பின்னால் அளவுகோல். 55 என்ற எண் ஒளிர்கிறது.]

இப்போது தூரம். படத்தின் ஓரங்களையும் கூர்மையாக்கும் லென்ஸ் ஃப்ளாட்டனர், குவியத் தூரத்தைக் குறைக்கும் லென்ஸ் ரெட்யூசர். இவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் அந்த லென்ஸின் பின்புறத்திலிருந்து சென்சார் வரை இருக்க வேண்டிய தூரத்தை மறக்கவே முடியாது: 55 மில்லிமீட்டர். இது எங்கிருந்து வந்தது? 1957-இல் ஜப்பானின் டாம்ரான் நிறுவனம் கொண்டுவந்த டி-மவுண்ட்தான் இதன் மூலம். ஒரே லென்ஸைப் பல நிறுவனங்களின் கேமராக்களில் மாட்ட வேண்டும் என்பது யோசனை. லென்ஸின் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரை 55 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கேமராவுக்கும் மிச்சத் தூரத்தை ஒரு வளையத்தால் நிரப்பினார்கள். கேனன் இஎஃப் மவுண்டில் சென்சார் 44 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது, ஆக வளையம் 11. நிக்கான் எஃப் மவுண்டில் 46.5, ஆக வளையம் 8.5. கூட்டினால் இரண்டிலும் 55. டெலஸ்கோப் செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ரொம்ப அழகான ஏற்பாடு இது.

வானியல் கேமராவில், டிஎஸ்எல்ஆரில் இருப்பதுபோல் ஒளியைத் திருப்பும் கண்ணாடிக்கான பெட்டி கிடையாது, அதனால் சென்சார் வாசலுக்கு அருகிலேயே இருக்கும். குளிரூட்டும் கேமராக்கள் பலவற்றில் 17.5 மில்லிமீட்டர். மிச்சம் 37.5. அதோடு வரும் 21 மில்லிமீட்டர் குழாயையும் 16.5 மில்லிமீட்டர் குழாயையும் சேர்த்தால் கணக்கு சரி. நடுவில் ஃபில்டர் வீல் (ஃபில்டர்களைச் சுழற்றி மாற்றும் தட்டு) வைத்தால் அதன் தடிமனையும் கூட்டி, அந்த அளவுக்குக் குழாயைக் குறைக்க வேண்டும். அளக்கும்போது வெளியே தெரியும் உடலை மட்டும் அளந்துகொள்ளுங்கள். உள்ளே முறுகிப் போகும் மரையைச் சேர்க்கக் கூடாது.

ஃபில்டரின் கண்ணாடியும் கணக்கில் வரும். ஒளி கண்ணாடிக்குள் வளைவதால் குவியும் இடம், கண்ணாடித் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னால் தள்ளிப்போகிறது. 3 மில்லிமீட்டர் ஃபில்டர் என்றால் 55 அல்ல, 56.

எல்லாக் கருவிக்கும் 55 என்று நினைத்துவிடாதீர்கள். ஷ்மிட்-காஸக்ரெய்ன் டெலஸ்கோப்புகளுக்கான செலஸ்ட்ரான் எஃப்/6.3 ரெட்யூசருக்கு 105 மில்லிமீட்டர். உங்கள் கருவியின் கையேட்டில் இருக்கும் எண்தான் உங்கள் எண்.

[காட்சி: பகல். தொலைவில் ஒரு கோபுரம், டெலஸ்கோப் அதை நோக்கி.]

ஃப்ளாட்டனர் எதுவும் இல்லையென்றால் இவ்வளவு துல்லியம் தேவையில்லை, ஃபோகஸர் எட்டினால் போதும். லென்ஸால் ஒளியைக் குவிக்கும் ரிஃப்ராக்டர் டெலஸ்கோப்பில் பெரும்பாலும் ஃபோகஸர் முழுக்க வெளியே வந்தும் போதாது, ஏனென்றால் பார்வையைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனலைக் கழற்றியதும் அது பிடித்திருந்த நீளம் போய்விடுகிறது. ஒரு எக்ஸ்டென்ஷன் குழாய் போட்டால் தீர்ந்தது. நியூட்டோனியனில் நேர் எதிர், உள்ளே போக இடம் இருக்காது. எனக்கு நேர்ந்தது அதுதான். குட்டையான அடாப்டர் முதல் வழி. ஒரு பார்லோ லென்ஸ் குவியும் இடத்தை வெளியே தள்ளும், கோள்களுக்கு அது நல்லது. இரண்டும் முடியாதபோதுதான் முதன்மைக் கண்ணாடியை முன்னால் நகர்த்தும் வேலை. இந்தச் சோதனையைப் பகலிலேயே, தூரத்துக் கோபுரம் ஒன்றை வைத்துச் செய்துவிடுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது.

[காட்சி: நட்சத்திரப் படம், நான்கு மூலைகளும் பெரிதாக.]

இரவில் முதல் படத்தை எடுத்ததும் மூலைகளைப் பெரிதாக்குங்கள். பெரும்பாலான ஃப்ளாட்டனர்களில், நட்சத்திரங்கள் மையத்திலிருந்து சிதறி ஓடுவதுபோல் நீண்டிருந்தால் சென்சார் ஃப்ளாட்டனருக்கு மிகவும் கிட்டே இருக்கிறது. மையத்தைச் சுற்றி வளைவதுபோல் இருந்தால் மிகவும் தள்ளி இருக்கிறது. அரை மில்லிமீட்டர் மெல்லிய வளையம் ஒன்றைச் சேர்த்தோ எடுத்தோ, மறுபடியும் ஒரு படம் எடுங்கள்.

அப்படி மாற்றும்போது குளிரில் வளையங்கள் ஒட்டிக்கொள்ளும். விரலால் அழுத்திப் பிடித்தால் வளையம் லேசாக முட்டை வடிவாகி இன்னும் இறுகும். அகலமான ரப்பர் பட்டையைச் சுற்றி, உள்ளங்கை முழுவதும் படும்படி மெதுவாகத் திருப்புங்கள், வந்துவிடும்.