யார்க் வணிகர்களின் மரக்கூடம்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு வியாபாரிகள் சங்கம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. விலைப் பேச்சு, எடைத் தகராறு, கோயில் காரியம் எல்லாம் அங்கே வந்துதான் முடியும். அப்படி ஒரு சங்கம் 650 வருஷத்துக்கு மேலாகத் தன் கட்டடத்தைக் கைவிடாமல் வைத்திருக்கிறது, இங்கிலாந்தின் யார்க் நகரத்தில்.

கட்டட வேலை தொடங்கியது 1357-ல். கொள்ளைநோய் ஐரோப்பாவைச் சூறையாடிப் பத்து வருஷம்கூட ஆகவில்லை. அந்த நேரத்தில் துணி வியாபாரிகள் துணிந்து பணம் போட்டார்கள். ஓக் மரச் சட்டங்கள், மேலே விசாலமான கூடம். ஒரே கூரையால் மூட முடியாத அகலம் அது. அதனால் நடுவில் வரிசையாகத் தூண் நிறுத்தி, இரண்டு கூரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றியிருக்கிறார்கள். நம்ம ஊர் ஆசாரியிடம் கேட்டாலும் அதே யோசனையைத்தான் சொல்வார்.

எனக்கு மேல்கூடத்தைவிடக் கீழ்த்தளம்தான் முக்கியம். அங்கே ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் படுக்கை போட்டு வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே சிறு தேவாலயம். படுத்திருப்பவர்கள், கொடுத்தவர்களின் ஆன்மாவுக்காகப் பிரார்த்திக்க வேண்டும். வியாபாரிகள் அல்லவா, தர்மத்திலும் ஒரு வரவு பார்த்திருக்கிறார்கள்! ஆனால் ஒன்று, ஃபாஸ் ஆறு பெருகினால் வெள்ளம் புகுவதும் அந்தக் கீழ்த்தளத்தில்தான். கணக்குப் பார்த்தவர்கள் மேலே இருந்தார்கள்.

1581-ல் முதலாம் எலிசபெத் ராணி இவர்களுக்குச் சாசனம் கொடுத்தார். கடல் கடந்து வரும் சரக்கை யார்க்கில் விற்கும் உரிமை இவர்களுக்கு மட்டும்தான். உப்புக்கும் மீனுக்கும் மட்டும் விலக்கு. அடுப்பெரிய வேண்டிய பொருளில் கை வைத்தால் ஊர் சும்மா இருக்குமா?

சரி, நம்ம பக்கம்? ஐந்நூற்றுவர் என்ற பழைய வணிகர் சங்கத்தார் கடல் தாண்டிப் போனவர்கள். சுமத்ராவின் பாரூசில் 1088-ம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையே வைத்துவிட்டு வந்தார்கள். இங்கே அவர்கள் பெயர் பெரும்பாலும் கோயில் சுவர்களில்தான் கிடைக்கிறது. பிரான்மலைக் கோயிலில் 13-ம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று, சரக்கு சரக்காகப் பெயர் சொல்லி, இதில் இவ்வளவு கோயிலுக்கு என்று எழுதி வைத்திருக்கிறது. வியாபாரத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்கோ பொதுக் காரியத்துக்கோ ஒதுக்குவதுதான் மகமை; கடைவீதிப் பெரியவர்களுக்குச் சட்டென்று புரியும். யார்க்கில் ஏழையின் படுக்கைக்குப் போனது, இங்கே சாமியின் விளக்குக்குப் போயிற்று.

யார்க் வணிகர்களின் தனியுரிமை 1835-ல் சட்டத்தால் போய்விட்டது. கீழ்த்தளத்து மருத்துவமனை மட்டும் 1900 வரை நடந்தது. சங்கம் கலையவில்லை, உறுப்பினர்கள் இன்றும் அங்கே கூடுகிறார்கள், டிக்கெட் வாங்கினால் நாமும் உள்ளே போய்ப் பார்க்கலாம். அப்புறம், கூடத்தைக் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடுகிறார்கள்.