யார் வீட்டை நினைத்து எழுதிய புத்தகம்?

(கடற்கரை ஊர் ஒன்றின் கிளை நூலகத்தில், நூலக வார விழாவில் ஒரு வாசகி ஆற்றிய உரை)

பெரியோர்களே, தாய்மார்களே, கருவாட்டைக் காயப்போட்ட கையோடு வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நூலக வாரம் வந்தால் வாசிப்பின் பெருமையைப் பேசுவது வழக்கம். அதைப் பேச நல்ல பேச்சாளர்கள் இருக்கிறார்கள். நான் இந்த நூலகத்தில் பெண்கள் அதிகமாக எடுத்துப்போகும் மூன்று வகைப் புத்தகங்களைப் பற்றி மனத்தில் பட்டதைச் சொல்ல வந்திருக்கிறேன். பக்திப் புத்தகம், பிள்ளை வளர்ப்புப் புத்தகம், வீட்டுக் குறிப்புப் புத்தகம்.

ஒரு நாவல் பிடிக்கவில்லை என்றால் தயங்காமல் சொல்லிவிடுகிறோம். இந்த மூன்றைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பக்தி நூலைக் குறை சொன்னால் தெய்வ நிந்தனை ஆகிவிடுமோ என்று பயம். பிள்ளை வளர்ப்பு நூலைக் குறை சொன்னால், இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்பார்களோ என்று கூச்சம். ஆனால் நாம் எப்போது எழ வேண்டும், எதைச் சமைக்க வேண்டும், பிள்ளையிடம் எப்படிப் பேச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்று வீட்டுக்குள் வந்து சொல்பவை இவைதாம். இவற்றைத்தான் கறாராகப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இதை எழுதியவர் யார் வீட்டை நினைத்து எழுதினார்?

பிள்ளை வளர்ப்பில் தொடங்குகிறேன். இரவு ஒன்பது மணிக்குள் விளக்கை அணைத்துவிட வேண்டும், அதற்கு முன் தந்தை பிள்ளையை மடியில் வைத்துக் கதை சொல்ல வேண்டும் என்று இத்தகைய நூல்களில் வரும். நல்ல யோசனைதான். ஆனால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கி, டீசலும் ஐஸும் ஏற்றிக்கொண்டு விசைப்படகில் போன தந்தை மறுநாள் காலையில்தான் கரைக்கு வருகிறார். அவர் வரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருக்கிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது தந்தை முழு நேரமும் வீட்டில் இருக்கிறார், வருமானம்தான் இருப்பதில்லை. கடன் கேட்டு அலைந்த எரிச்சலோடு இருக்கும் மனிதரும் கோடை விடுமுறையில் இருக்கும் பிள்ளைகளும் ஒரே அறையில் அந்த இரண்டு மாதத்தைக் கழிப்பது எப்படி? நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம்கூட இல்லை.

கீழக்கரையிலும் தொண்டியிலும் கதை வேறு. வாப்பா, அதாவது தந்தை, வளைகுடா நாட்டில் இருப்பார். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அவர் முகம் கைப்பேசித் திரையில்தான் தெரியும். அந்த வீட்டில் போய், குழந்தைக்குத் திரையே காட்டாதீர்கள் என்று ஒரு புத்தகம் சொன்னால் அந்தத் தாய் என்ன செய்வாள்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2016-இல் தந்த பரிந்துரை, 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரை வேண்டாம் என்கிறது. அதே வரியிலேயே, வீடியோ அழைப்பு நீங்கலாக என்றும் இருக்கிறது. தமிழில் எடுத்து எழுதிய சிலர் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்பாதியை விட்டுவிட்டார்கள். விட்டுப்போன அந்தச் சிறு பகுதிதான் நம் ஊர்ப் பெண்களுக்கு வேண்டியது. அது தெரியாமல், வாப்பாவுடன் பேச வைப்பதே தப்போ என்று கலங்கிய இளம் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கலக்கத்துக்குப் பொறுப்பு அரைகுறையாக எழுதியவர்களுடையது.

ஊட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். உடையில் சிந்தாமல், கையில் ஒட்டாமல் பிள்ளைக்கு ஊட்டும் முறையைப் படம் போட்டு விளக்கும் நூல்கள் வருகின்றன. வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில், பிள்ளையின் ‘சிறுகை அளாவிய கூழ்’ அமிழ்தைவிட இனிது என்று சொல்லியிருக்கிறார். பிள்ளையின் கை கூழுக்குள் போகட்டும் என்று விட்டவர் அவர். கூழ் காய்ச்சும் வீட்டைக் கண்டு எழுதியவர் என்பதால் அந்தக் குறள் இன்றும் நம் வீட்டுத் தரையில் நடக்கிறது.

இனிப் பக்தி நூல்கள். இங்கே மூன்று மதத்தாரும் இருக்கிறீர்கள், ஆகையால் பொதுவாகவே சொல்கிறேன். பயத்தை விற்கும் நூல்களை நான் வீட்டில் வைப்பதில்லை. இன்ன தவறுக்கு இன்ன தண்டனை என்று வரிசையாக வருணிக்கும் புத்தகத்தை எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொடுப்பது கொடுமை. இத்தனை நாள் ஓதினால் கடன் தீரும் என்று எழுதுவது அதைவிடக் கொடுமை. ஓதியும் கடன் தீராத பெண், குறை தன் பக்திமேல்தான் என்று நினைத்துக்கொள்கிறாள். வட்டியைப் பற்றியோ மீன் ஏலக்காரர் பிடித்துக்கொள்ளும் கழிவைப் பற்றியோ அந்தப் புத்தகத்தில் ஒரு சொல் கிடையாது. ‘எல்லோரும் இன்புற்றிருக்க’ நினைப்பதைத் தவிர வேறொன்றும் அறியேன் என்று பாடிய தாயுமானவர் சமாதி கொண்டது நம் இராமநாதபுரத்தில். அந்த மண்ணில் அச்சத்தைப் பக்தி என்று அச்சடித்துக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குப் பிடித்ததையும் சொல்ல வேண்டும். கீழக்கரை வள்ளல் சீதக்காதி ஆதரித்த உமறுப் புலவர் நபிகளின் வாழ்வைப் பாடிய சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணை நின்ற படலம் இருக்கிறது. வேடன் ஒரு பெண்மானைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். அதன் குட்டி காட்டில் பசித்துக் கிடக்கிறது. போய்ப் பாலூட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று மான் நபிகளிடம் வேண்டுகிறது. காட்டுக்குப் போன மான் திரும்புமா என்று வேடன் நம்ப மறுக்கிறான். அது வராவிட்டால் நான் இருக்கிறேன் என்று நபிகள் பிணை நிற்கிறார்கள். மான் போகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது, கொடுத்த வாக்குக்காகத் திரும்புகிறது. குட்டியும் கூடவே வருகிறது. வேடன் மனம் மாறுகிறான்.

இந்தப் படலத்தில் யாரும் யாரையும் மிரட்டவில்லை. பால் கட்டிய ஒரு தாயின் வலியைப் பெரியவர் ஒருவர் தன் வலியாக எடுத்துக்கொள்கிறார். அதற்குத் தன் பெயரையே ஈடாக வைக்கிறார். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு நண்டுக் கம்பெனிக்கும் கடற்பாசி எடுக்கவும் போகிற பெண்கள் இந்தக் கரை முழுக்க இருக்கிறோம். மேற்பார்வையாளர் ஒருவர், போய்ப் பால் கொடுத்துவிட்டு வாம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் போதாதா? பிறப்பால் நான் இஸ்லாமியப் பெண் இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் பக்திக் கதைகளில் இதற்குத்தான் முதல் இடம். மொழி கடினம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். உரையோடு கூடிய பதிப்பை எடுத்துப் படியுங்கள், மூன்றாவது பாட்டுக்குள் பிடிபட்டுவிடும்.

வீட்டுக் குறிப்பு நூல்களில்தான் என் கோபம் அதிகம், ஏனென்றால் அங்கே பிழை உடம்பைத் தாக்கும். பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தடவச் சொல்லும் குறிப்புகள் இன்னும் புழங்குகின்றன. ஒரு வயது முடியும்வரை குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் பச்சிளங்குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சே தடைப்படலாம். பாட்டி சொன்னது என்பதற்காக அச்சில் ஏற்றக் கூடாது.

வயிற்றுப்போக்குக்கு வருவோம். ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு என்பது அளவு. பல நூல்களில் ‘சிறிது உப்பு’ என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். சிறிது என்றால் யார் கை அளவு? உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து. அதோடு, நம் ஊரில் தண்ணீர் என்று பொதுவாகச் சொன்னால் போதாது. அடிகுழாயில் வருவது உவர் நீர். அதில் உப்பையும் கரைத்துக் கொடுத்தால் என்ன ஆகும்? காவிரிக் குடிநீரையோ நல்ல ஊற்று நீரையோ காய்ச்சி ஆற வைத்துத்தான் கலக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைக்கிறது; கூடவே 14 நாளுக்குத் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். அரிசியை ஐந்து முறை கழுவுங்கள் என்று எழுதுகிறவர் குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியவராக இருக்க முடியாது.

சமையலில், 1951-இல் மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ நூலை நான் மதிக்கிறேன். சமையலே தெரியாத ஒரு பெண் அடுப்பின் முன் தனியாக நிற்கிறாள் என்று எண்ணி, எதையும் விடாமல் எழுதினார். அது சைவச் சமையல் நூல், அதில் மீனைத் தேடுவது நியாயமில்லை. ஆனால் அசைவ நூல்களும் ‘மீன் அரைக் கிலோ’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எந்த மீன்? சூடைக்கும் பாறைக்கும் ஒரே குழம்பா? சூடையைப் போட்டால் கரண்டி விடக் கூடாது, சட்டியைப் பிடித்துச் சுற்றிவிட வேண்டும். கணவாய் அதிக நேரம் வெந்தால் கடிக்க முடியாது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்ய வேண்டுமென்றால் மஞ்சள் போட்டு வேகவைத்து, மணல் மணலாக இருக்கும் அந்தத் தோலை விரலால் முழுதும் தேய்த்தெடுத்து, முள் நீக்கி, பிழிந்து உதிர்க்க வேண்டும். தோல் கொஞ்சம் நின்றாலும் வாயில் நறநறக்கும். இதெல்லாம் இங்கே உட்கார்ந்திருக்கும் அக்காமாருக்கும் லாத்தாமாருக்கும் தெரியும். ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை.

நூலகர் அவர்களிடம் ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். இந்த அலமாரிக்குப் பக்கத்தில் கோடு போட்ட நோட்டு ஒன்றை நூல் கட்டித் தொங்கவிடுங்கள். புத்தகத்தைத் திருப்பித் தருகிறவர்கள் அதில் சரியில்லாததை எழுதட்டும், பிடித்ததையும் எழுதட்டும். எழுதக் கூச்சப்படுகிறவர்கள் சொல்லச் சொல்ல எழுத, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் சனிக்கிழமை மாலை வரட்டும். நோட்டின் பின்பக்கத்திலிருந்து மீன் குறிப்புகளைத் தொடங்குங்கள். சூடைக் குழம்பை நானே வரும் சனிக்கிழமை வந்து சொல்கிறேன், யாராவது பேனா கொண்டுவாருங்கள். நன்றி, வணக்கம்.