குடிலா ரிசார்ட்டா: நான் குடில் பக்கம்

நடுவர் அவர்களுக்கும் வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். குடும்பமா போன லீவுல மனசுல நிக்கது அன்னைக்குப் போட்ட குடிலா, இன்னைக்குப் போற ரிசார்ட்டா, இதான தலைப்பு. எதிரணித் தம்பி என்ன சொல்லிட்டுப் போனாரு? "காட்டுல சாக்க விரிச்சுப் படுத்ததெல்லாம் லீவா, ஆச்சி? அது காசில்லாம பட்ட பாடு"ன்னு என்னையப் பாத்துச் சொன்னாரு. காசு இல்லதான் தம்பி, ஒத்துக்கிடுதேன்.

எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். 1967ல ஒம்பது வயசு. ஆடி அமாவாசைக்கு காரையார் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வண்டி கட்டிப் போவோம், அரிசி பருப்பு அண்டா குண்டாவுல இருந்து எங்க ஆச்சி வெத்தலப் பெட்டி வரைக்கும் ஏத்திக்கிட்டு, தாமிரபரணிக் கரையில நாலு கம்ப நட்டு ஓலையும் தார்ப்பாயும் போட்டா ஒரு வாரத்துக்கு அதான் வீடு. (1988ல அந்தக் காட்ட புலிகள் காப்பகமா ஆக்கிட்டாங்க, இப்ப அப்படி இஷ்டத்துக்குத் தங்க முடியாது. சரிதான், நாம போட்ட குப்பை கொஞ்சமா?)

அந்தக் கோயில்ல இருக்க பட்டவராயன் சாமிக்கு செருப்புதான் காணிக்கை. போன வருசம் கட்டுன செருப்பு இந்த வருசம் தேஞ்சிருக்கும், சாமி ராத்திரி அத மாட்டிக்கிட்டு காட்டுக்குள்ள நடக்காருன்னு ஆச்சி சொல்லுவா, நானும் தம்பியும் ஒவ்வொரு செருப்பா அடியப் பாப்போம். அப்புறம் ராத்திரி சருகு சத்தம் கேட்டா மிளா மானா பட்டவராயனான்னு தெரியாம அடக்கிக்கிட்டே படுத்திருப்போம், வெளிய ஒண்ணுக்குப் போக யாருக்குத் தைரியம்!

வீட்ல எங்க அப்பா பிள்ளைககிட்ட பேசவே மாட்டாவ. மார்க்கு கேப்பாவ, அவ்வளவுதான். அங்க மூணு கல்லக் கூட்டி ஈர விறக ஊதி ஊதி, கண்ணு செவந்து, மூஞ்சில சாம்பல் அப்பி... அம்மா சிரிச்சுட்டா. அப்பாவும் சிரிச்சாவ. அப்பதான் பாத்தேன், அவுகளுக்கு மேல் பல்லு ஒண்ணு இல்ல. ஒம்பது வருசம் ஒரே வீட்ல இருந்து எனக்குத் தெரியாது நடுவரே!

போன மே மாசம் மகன் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். குறை சொல்லல, மெத்த மெத்துன்னுதான் இருந்துச்சு. ராத்திரி கேம்ப் ஃபயர்னு கூப்டாங்க, ஆசையா போனேன். யூனிஃபார்ம் போட்ட பையன் மண்ணெண்ணெய ஊத்திப் பத்த வச்சான், எங்க வீட்டாளுக ஒருத்தரும் குனியக்கூட இல்ல, சரியா ஒரு மணி நேரம், வாளித் தண்ணிய ஊத்தி அணைச்சுட்டுப் போயிட்டான். பில்லுல விறகுக்குத் தனியா போட்டிருந்தாங்க.